மூச்சு விட்ட படம்

திரையில் இருந்த கல்லீரல் ஒருமுறை மூச்சு விட்டது.

எசெரி தேநீர்க் குவளையை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். கண்தான் தவறாகப் பார்த்திருக்க வேண்டும் என்று குவளையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். கல்லீரலின் மேல் விளிம்பு மெல்ல ஏறியது, கொஞ்சம் நின்றது, மெல்ல இறங்கியது. அயர்ந்து தூங்குகிற ஆளின் வயிறு ஏறி இறங்குமே, அந்த நிதானத்தில். உயிருள்ள உடம்புக்குள் கல்லீரல் அப்படித்தான் அசையும். மூச்சு அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆனால் இது உடம்பு இல்லை. ஸ்கேன் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, சிரைக்கு நீலம், தமனிக்குச் சிவப்பு, பித்தக் குழாய்க்கு வாழையிலைப் பச்சை, கட்டிக்கு மஞ்சள் என்று அவளே தீட்டி எழுப்பிய படம். அறுவை நடக்கும்போது டாக்டர் தலையில் மாட்டிக்கொள்ளும் கண்ணாடியில் இந்தப் படம் நோயாளியின் வயிற்றின் மேல் அச்சாகப் பொருந்தி நிற்கும். தோலைக் கிழிக்காமலே உள்ளே எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியும். வயிற்றில் நாலைந்து சின்னத் துளைகள் போட்டால் போதும், குடலை வெளியே எடுத்து வைக்கிற பழைய கசாப்பு வேலை எல்லாம் வேண்டாம்.

படத்தை மூச்சுக்கு ஏற்ப அசைய வைக்க ஒரு பொத்தான் உண்டு. அவள் அதைத் தேடிப் பார்த்தாள். அணைந்துதான் இருந்தது. போட்டு மறுபடி அணைத்தாள். படத்தை மூடித் திறந்தாள். இப்போது அசையவில்லை. கூரைத் தகரத்தின் மேல் மராபூ நாரைகள் நடக்கும் சத்தம் கேட்டது, செருப்புப் போட்ட கிழவர் யாரோ மாடியில் உலாவுவது போல. அந்த அறை முன்பு துணி அடுக்கி வைக்கும் அறையாக இருந்தது. ஜன்னல் கிடையாது. எவ்வளவு துடைத்தாலும் பழைய கஞ்சி போட்ட படுக்கை விரிப்பின் வாடை சுவரை விட்டுப் போகாது. இன்று அதற்குள் இன்னொரு வாடையும் இருந்தது. தலைக்குத் தடவும் எண்ணெய் வாடை. அவள் எண்ணெய் தடவுகிறவள் இல்லை.

சும்மாவே எசெரிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பேனா மூடியைக் கடிப்பாள், முழங்காலை ஆட்டுவாள், அனுப்பிய படத்தையே நாலு தரம் திறந்து பார்ப்பாள். அறுவை செய்யும் டாக்டர் லுபோவா அவளுக்கு வைத்த பெயர் கொதிக்கிற கெண்டி. அந்த முழங்கால் இப்போது ஆடாமல் நின்றிருந்தது. அதை அவள் கவனித்தாள், பிடிக்கவில்லை.

படத்தைப் பற்றி அவளுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. அது முழுக்க நகாத்தோவின் படம் இல்லை.

நகாத்தோதான் இன்று அறுவைக்குப் படுக்கப்போகிறவள், இரட்டையரில் இளையவள். மூத்தவள் பாபிரியே. இரட்டைப் பெண் பிறந்தால் கம்பாலா ஊரில் பெயருக்கு யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை, முதலில் வந்தவள் பாபிரியே, பின்னால் வந்தவள் நகாத்தோ, பெற்றவள் அன்று முதல் நாலோங்கோ. அவளுடைய சொந்தப் பெயர் அவளுக்கே மறந்து போகும். பிறக்கும்போதே தொற்றிய மஞ்சள் காமாலைக் கிருமி இரண்டு பேருக்கும் கல்லீரலில் கட்டியாக முளைத்தது. மூத்தவளுக்கு முதலில், வலப்பக்கத்துப் பின்புறத்தில். போன மழைக்காலத்தில் எசெரி அவளுக்கும் இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் படம் தீட்டினாள். எல்லாம் தயாராக இருந்தது. அறுவைக்கு முந்தின நாள் கட்டி உள்ளேயே வெடித்துவிட்டது. இரட்டையரைச் செத்தார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள், பறந்துவிட்டார்கள் என்பார்கள். பாபிரியே பறந்துவிட்டாள். அவளுடைய படம் ஒருமுறைகூடப் பயன்படாமல் கணினியில் கிடந்தது.

இளையவளின் கட்டி இடப்பக்கம். அதுவும் கசிய ஆரம்பித்துவிட்டது, தள்ளிப்போட முடியாது என்று லுபோவா நேற்றுச் சொன்னார். புதிதாகத் தீட்ட நேரமில்லை. பழைய படங்களில் எது நெருங்கி வருகிறது என்று கணினியே தேடிக் கொடுக்கும், அதன்மேல் திருத்திக்கொள்ளலாம். எல்லாரும் செய்கிற வேலைதான். அது பாபிரியேயின் படத்தைக் கொடுத்தது. ஒரே அச்சு. எசெரி வலப்பக்கத்து மஞ்சளை அழித்தாள், இடப்பக்கம் புது மஞ்சளை வைத்தாள், பெயரை மாற்றினாள்.

தப்பு என்று அவளுக்குத் தோன்றவில்லை. அம்மாக்காரியே அதைத்தானே கேட்டாள்? நேற்று வராந்தாவில் லுபோவாவை வழிமறித்து, "பாபிரியேக்கு எதெது ஏற்பாடு பண்ணி வச்சிருந்தீங்களோ, அதையே இவளுக்கும் செய்யுங்க முசாவோ. அதே மேஜை, அதே டாக்டரு, அதே படம். ஒருத்திக்கு ஒண்ணு கூடுதலா செஞ்சா இன்னொருத்தி சும்மா இருக்கமாட்டா" என்றாள். முசாவோ என்றால் டாக்டர். வெள்ளைக் கோட்டுப் போட்ட எல்லாரும் அந்த அம்மாவுக்கு முசாவோதான்.

"அம்மா, இது என்ன பள்ளிக்கூட யூனிபார்மா, ரெண்டு பேருக்கும் ஒரே துணியில தைக்க?" என்று லுபோவா சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

எசெரி ஒட்டுப் புள்ளிகளை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனாள். நெஞ்சிலும் விலாவிலும் ஒட்டும் சின்ன வட்டங்கள் அவை. கூரையில் இருக்கும் கேமரா அவற்றைப் பார்த்துத்தான் படத்தை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யும். வெளியே மழை பிடித்திருந்தது. காலை வெளிச்சமே சாம்பலாக இருந்தது.

நகாத்தோ கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள், மெலிந்து, கண் பெரிதாக. பக்கத்தில் நாலோங்கோ ஒரு பையைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு துண்டு. இரண்டு சோப்பு. இரண்டு போர்வை, ஒரே நிறம்.

"பாபிரியே, நகாத்தோ, கையைத் தூக்குடி, முசாவோ ஒட்டட்டும்" என்றாள் நாலோங்கோ.

எசெரி நிமிர்ந்து பார்த்தாள். நகாத்தோ உதட்டைச் சுழித்தாள்.

"அம்மா எப்பவும் அப்படித்தான். ஒருத்தியைக் கூப்பிடணும்னாலும் ரெண்டு பேரையும் சொல்லித்தான் கூப்பிடும். கடையில ரெண்டு தையல் மிஷின், இப்பவும் ரெண்டுக்கும் எண்ணெய் விடுது. நான் அக்கா மிஷின்ல உக்காந்தா எழுப்பி விட்டுடும்."

"அதுல உனக்கு என்னடி கொறைச்சல்?" என்றாள் நாலோங்கோ, சோப்பை நேராக அடுக்கியபடி.

எசெரி புள்ளிகளை ஒட்டினாள். பெண்ணின் தோல் சுட்டது. தலையிலிருந்து எண்ணெய் வாடை வந்தது. அது அறையில் வந்த அதே வாடை. எசெரியின் விரல் ஒருமுறை வழுக்கியது.

"முசாவோ" என்றாள் நகாத்தோ, அம்மாவுக்குக் கேட்காத குரலில். "பொறந்ததுலருந்து எதுலயும் அவதான் முதல். பல் முளைச்சதும் அவளுக்குத்தான் முதல்ல, பிள்ளை பெத்ததும் அவதான் முதல்ல. இந்த ஆபரேஷன்ல மட்டும் நான் முந்திக்கிட்டேன். அவ கோவிச்சுக்குவா."

"அப்படியெல்லாம் இல்ல."

"அவ பிள்ளையும் இப்ப என்கிட்டதான் இருக்கு. ரெண்டும் என்னை அம்மான்னுதான் கூப்பிடுது. எனக்குச் சாகப் பிடிக்கலை முசாவோ."

"நான் பக்கத்துலயே இருப்பேன். உன்னை விட்டுட்டு எங்கயும் போகமாட்டேன்" என்றாள் எசெரி. சாதாரணமாக அவள் யாருக்கும் வாக்குக் கொடுக்கமாட்டாள். இந்தப் பெண்ணை அவளுக்குப் பிடித்துவிட்டது, அதுதான் காரணம்.

ஆபரேஷன் தியேட்டரில் விளக்கை அணைத்தார்கள். துளை வழியாகச் செய்யும் அறுவையில் அது வழக்கம். திரையும் கண்ணாடியும் நன்றாகத் தெரிய வேண்டும். நடுப்பகலில் அந்த அறை கிணற்றின் அடி போல இருண்டு குளிர்ந்தது. பச்சைத் துணிக்கு நடுவே நகாத்தோவின் வயிறு மட்டும் ஒரு மங்கிய வெளிச்ச வட்டத்தில் தெரிந்தது. மூச்சு எந்திரம் உஸ்ஸென்று இழுத்து விட்டது. வயிற்றுக்குள் வாயு ஏற்றும் பெட்டி டிக், டிக் என்றது. தகரக் கூரையில் மழை, இடையிடையே நாரைகளின் நடை. கருகும் சதையின் வாடை முகமூடியைத் தாண்டி மூக்கில் ஏறியது.

எசெரி கால்மாட்டில், தன் கணினிக்குப் பக்கத்தில், தலையில் கண்ணாடியோடு நின்றாள். லுபோவா காணும் அதே படத்தை அவளும் காண்பாள். படம் நகாத்தோவின் வயிற்றில் கச்சிதமாக இறங்கியிருந்தது. நீலம், சிவப்பு, பச்சை. இடப்பக்கம் மஞ்சள்.

"கெண்டி, இன்னைக்குக் கொதிக்காம நிக்குதே, என்ன விசேஷம்?" என்றார் லுபோவா கையை நிறுத்தாமல். "படம் பிரமாதம். விலா எலும்புல ஒரு மயிரிழை கூட விலகலை."

"நன்றி ஸெபோ" என்றாள் எசெரி. ஸெபோ என்றால் ஐயா.

கல்லீரலின் இடப்பகுதியை அறுத்துப் பிரிக்கும் கட்டம் வந்தது. இனி சிரை ஒன்றை ஒட்டிப் போகவேண்டும். அந்த நேரத்தில் மூச்சின் அசைவுகூட இடைஞ்சல்.

"ஒலாரா, மூச்சை நிறுத்து."

தலைமாட்டில் மயக்க மருந்து கொடுக்கும் ஒலாரா எந்திரத்தைத் திருகினார். உஸ்ஸென்ற சத்தம் அடங்கியது. அது அடங்கியதும் அறை பெரிதானது போல இருந்தது.

கத்தரியின் நுனி நெருங்கியது. நின்றது.

"மூச்சை நிறுத்தச் சொன்னேன்ல?"

"நிறுத்தித்தான் இருக்கேன். எந்திரத்தைப் பாருங்க."

"அப்ப எதுய்யா அசையுது?"

எசெரி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். படம் மெல்ல ஏறியது, கொஞ்சம் நின்றது, மெல்ல இறங்கியது. காலையில் பார்த்த அதே நிதானம். லுபோவா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சுவர்த் திரையைப் பார்த்தார். அங்கே உள்கேமரா காட்டிய அசல் கல்லீரல் ஈரமாக, பழுப்பாக, அசையாமல் கிடந்தது.

"உன் படம்தான் மூச்சு விடுது எசெரி. சரி பண்ணு."

விரல்கள் பொத்தானைத் தேடின. அணைந்திருந்தது. அவள் படத்தை எடுத்துவிட்டு, புள்ளிகளை மறுபடி எண்ணவைத்து, மறுபடி இறக்கினாள். பொருந்தியது. அசையவில்லை.

"ஆங், அப்படி வா வழிக்கு."

எந்திரம் மறுபடி உஸ்ஸென்றது. வேலை நடந்தது. எசெரி தன் மூச்சை எண்ணிக்கொண்டு நின்றாள். எண்ணெய் வாடை வந்தது. நகாத்தோவின் தலை துணிக்கு அந்தப் பக்கம், நன்றாக மூடிக் கிடந்தது. வாடை அங்கிருந்து வரவில்லை. எசெரிக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

பிறகுதான் வலப்பக்கம் அந்த மஞ்சளைப் பார்த்தாள்.

பின்புறத்தில், ஆழத்தில், அவள் அழித்த இடத்தில். முதலில் ஒரு கறை மாதிரி. பிறகு கட்டியாக. யாரும் தீட்டாமல் தானாக ஊறி நிரம்பியது.

பாபிரியேயின் கட்டி.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். என்னவென்று சொல்வது? அதற்குள் படம் நகர்ந்தது. பக்கவாட்டில், ஒரு விரற்கடை. இன்னொரு விரற்கடை. தூங்குகிறவள் புரண்டு படுப்பதுபோல அது நகாத்தோவின் உடம்பிலிருந்து கழன்றது. மேஜை விளிம்பைத் தாண்டியது. கீழே விழவில்லை.

எழுந்தது.

ஒலாராவின் தோளுக்குப் பின்னால், இருட்டில், ஒரு பெண்ணின் உயரத்தில் நின்றது. விலா எலும்புக் கூடு. அதற்குள் நுரையீரலின் அடிப்பாதி. கல்லீரல். நீலக் கிளைகள், சிவப்புக் கிளைகள், வாழையிலைப் பச்சை. அதற்கு மேலே ஒன்றுமில்லை. கீழேயும் ஒன்றுமில்லை. ஸ்கேன் எடுத்தது அவ்வளவுதான். கழுத்து இருக்கவேண்டிய இடத்தில் இருட்டு இருந்தது, அந்த இருட்டு மேஜையைப் பார்த்துக் குனிந்திருந்தது.

எசெரி ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"படம் எங்க?" என்றார் லுபோவா. "எசெரி, படம் போயிடுச்சு. எனக்கு எதுவும் தெரியலை."

அவருக்குத் தெரியவில்லை. அது அவர் பார்க்கும் பக்கம் இல்லை. அவர் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே வெறும் பழுப்புச் சதை. கை ஏற்கெனவே ஆழத்தில் இருந்தது.

சுவர்த் திரை சிவந்தது.

"சிரை கிழிஞ்சிருக்கு. உறிஞ்சு, உறிஞ்சு. குழாயைச் சுத்தின நாடாவை இறுக்கு." குரலில் கேலி போய்விட்டது. "நிக்கலை. எங்கருந்து வருதுன்னே தெரியலை. படத்தைக் கொண்டா எசெரி!"

"பிரஷர் இறங்குது" என்றார் ஒலாரா.

"வயித்தைத் தொறக்கவா?" என்றார் லுபோவா.

"தொறக்கிறதுக்குள்ள போயிடுவா."

எசெரி பொத்தான்களை அழுத்தினாள். படத்தை எடுத்தாள். எடுக்க வரவில்லை. இறக்கினாள். இறங்கவில்லை. கணினி, படம் சரியான இடத்தில்தான் இருக்கிறது என்றது. அங்கே அது நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, அவசரமில்லாமல். காத்திருந்தது. இத்தனை மாதம் காத்திருந்தது இந்த மேஜைக்குத்தானே? பாபிரியேக்காகப் போட்ட மேஜை. இவளுக்காகத் தீட்டிய படம்.

எந்திரத்தின் மணி அலறத் தொடங்கியது.

எனக்குச் சாகப் பிடிக்கலை முசாவோ.

யோசிக்க நேரமில்லை. யோசித்திருந்தால் இந்த ஊரில் வளர்ந்த எந்தப் பெண்ணும் பறந்துபோன ஒருத்தியைத் தனியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கமாட்டாள். எசெரி முகமூடிக்குள் முணுமுணுத்தாள்.

"பாபிரியே. வாம்மா. உள்ள வா."

ஒரு பெயர். ஒன்றே ஒன்று. நாக்கு அடுத்த பெயருக்குத் திரும்பும் முன்பே அது குனிந்துவிட்டது.

வேகமாக வந்தது. காலியான நாற்காலியைக் கண்டவள் போல வந்தது. மேஜை விளிம்பில் ஏறி, துணிக்கு அடியில் புகுந்து, விலா எலும்போடு விலா எலும்பாக இறங்கி உட்கார்ந்தது. ஒரு மயிரிழை விலகவில்லை. உட்காரும்போது நகாத்தோவின் உடம்பு லேசாகக் குலுங்கியதை எசெரி பார்த்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை.

"வந்துடுச்சு! இதோ, இங்க இருக்காளா திருடி." லுபோவாவின் கிளிப் நீலக் கிளையின் அடியில் போய்க் கவ்வியது. இன்னொன்று. திரையில் சிவப்பு வடிந்தது. பழுப்பு தெரிந்தது. யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"பிரஷர் ஏறுது" என்றார் ஒலாரா. பிறகு, "அதிசயம்தான். நாடி அம்பத்தெட்டுல நிக்குது. இவ்வளவு ரத்தம் போனவளுக்கு நூத்தி முப்பது இருக்கணும். தூங்குற பிள்ளை மாதிரி இருக்கா."

"கெட்டிக்காரப் பொண்ணு" என்றார் லுபோவா. "பிழைச்சுக்கிட்டா."

கட்டியை ஒரு பையில் போட்டு வெளியே இழுத்தார்கள். விளக்கைப் போட்டார்கள். எல்லார் முகத்திலும் வியர்வை, எல்லார் முகத்திலும் சிரிப்பு. லுபோவா கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு எசெரியின் தோளில் தட்டினார். "இன்னைக்குச் சுட்ட கறி என் செலவு. என்ன பேயடிச்ச மாதிரி நிக்கிற? உன் படம் இல்லேன்னா அவ இப்ப பிணம்."

எசெரி சிரிக்க முயன்றாள். கணினியில் படத்தை மூடினாள். மூடியதோடு விடாமல் அழித்தாள். பழைய பாபிரியேயின் படத்தையும் தேடி அழித்தாள். போய்க் கை கழுவினாள், திரும்பி வந்து நின்றாள், மறுபடி போய்க் கை கழுவினாள். சோறு இறங்கவில்லை. வெளிவாசலில் ரொட்டிக்காரன் முட்டை பொரிக்கும் வாடை வந்தது, அதைக்கூடத் தாங்க முடியவில்லை. மழை விட்டிருந்தது. எல்லாம் நன்றாகத்தான் முடிந்தது. பெண் பிழைத்துவிட்டாள். இரண்டு பிள்ளைகளுக்கும் அம்மா இருக்கிறாள். அதையே திரும்பத் திரும்பத் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

ஒட்டுப் புள்ளிகளை அவள்தான் கழற்றவேண்டும். போகும்போது கண்ணாடியையும் எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்டிருந்தால் அவளுக்குப் பதில் தெரியாது.

மயக்கம் தெளியும் அறையில் சாயங்கால வெயில் தரையில் நீளமாக விழுந்திருந்தது. பக்கத்துக் கட்டில்கள் காலி. ஒரு நர்ஸ் மூலையில் எழுதிக்கொண்டிருந்தாள். நாலோங்கோ மகளின் கட்டிலோரம் நின்று அவள் கையைத் தடவிக்கொண்டிருந்தாள். இரண்டு போர்வையையும் அவள் மேலேயே போர்த்தியிருந்தாள்.

"பாபிரியே, நகாத்தோ, கண்ணைத் தொறந்து பாருடி..."

முதல் பெயர் முடியும்போதே கண் திறந்துவிட்டது. நாலோங்கோ கவனிக்கவில்லை; அவளுக்கு அழுகை வந்துவிட்டது. படுத்திருந்தவள் அம்மாவைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், தன் இரண்டு கைகளையும் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புதுச் சட்டை போட்டுக்கொண்டவள் கையைப் பார்க்கிற மாதிரி.

"பேரு சொல்லுங்க பாப்போம்" என்றாள் நர்ஸ் மூலையிலிருந்தே.

"நகாத்தோ" என்றாள் அவள். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னாள். பிறகு எசெரியைப் பார்த்தாள். பார்வை எசெரியின் கையில் இருந்த கண்ணாடிக்கு இறங்கியது.

"முசாவோ." குழாய் இருந்த தொண்டை கரகரத்தது. "அதைப் போடாதீங்க."

எசெரி போட்டாள்.

படத்தை அழித்திருந்தாள். கண்ணாடியில் எதுவும் தெரியக்கூடாது.

தெரிந்தது. போர்வைகளுக்கு அடியில், தோலுக்கு அடியில். நீலம், சிவப்பு, பச்சை. வலப்பக்கம் ஆழத்தில் மஞ்சள். ஏறியது, நின்றது, இறங்கியது. இப்போது அதோடு சேர்ந்து போர்வையும் ஏறி இறங்கியது. படுத்திருந்தவள் அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் எசெரி முகத்தைத் திருப்பினாள். திருப்பிய இடத்தில் நாலோங்கோ இருந்தாள். நாலோங்கோவை ஒட்டி, அவள் தோளில் இடிப்பதுபோல நெருக்கமாக, இன்னொன்று நின்றது.

அதற்கு வண்ணமில்லை. யாரும் தீட்டாதது. விலா எலும்பு, நுரையீரல், கல்லீரல், எல்லாம் ஈரச் சாம்பல் நிறம். தலை இல்லை. கை இல்லை. இடப்பக்கம் மட்டும் கறுப்பாக நகாத்தோவின் கட்டி, இன்னும் அறுக்காமல், அப்படியே. அது மூச்சு விட்டது. நிதானமாக இல்லை. ஓடிவந்து கதவு சாத்திக்கிடக்கக் கண்டவளின் மூச்சு. நாலோங்கோவின் பக்கம் சாய்ந்தது, அவளைத் தாண்டிக் கட்டிலுக்குச் சாய்ந்தது, மறுபடி நாலோங்கோவிடம் வந்தது. அவளைக் கட்டிக்கொள்ள அதற்குக் கை இல்லை.

நாலோங்கோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பெரியவர்களுக்கு நன்றி சொல்லும்போது இந்த ஊர்ப் பெண்கள் செய்வதுபோல, எசெரியைவிட வயதில் இரண்டு மடங்கு மூத்தவள், அந்தச் சிமெண்டுத் தரையில் இரண்டு முழங்காலையும் ஊன்றி மண்டியிட்டாள். எசெரியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பொண்ணைத் திருப்பிக் குடுத்துட்டீங்க முசாவோ" என்று அழுதாள். "வேற எதுவும் எனக்கு வேணாம். திருப்பிக் குடுத்துட்டீங்க."

எசெரிக்குக் கண்ணாடியைக் கழற்றக் கை வரவில்லை; கைகள் அந்த அம்மாவிடம் இருந்தன.

பக்கத்தில் நின்ற சாம்பல் உடம்பு எசெரியின் பக்கம் திரும்பியது. அதன் விலாக்கள் படபடவென்று விரிந்து சுருங்கின. மெல்லத் தாழ்ந்தது. தாயின் தோளுக்குச் சமமாக, அவளுடைய அதே உயரத்துக்கு இறங்கி, கால் இல்லாத அது எசெரியின் முன்னால் மண்டியிட்டது.